பிளாட்டினக் காசில் தீவின் பெயர்: காசு கொடுத்து வாங்குவது எதை?

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் தீவு ஐல் ஆஃப் மேன். பரப்பு 572 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 84,000 சொச்சம். அங்கே பிளாட்டினச் சுரங்கம் கிடையாது. ஆனால் முதலீட்டாளர்களை மனதில் வைத்து அடிக்கப்பட்ட உலகின் முதல் பிளாட்டின நாணயம் இந்தத் தீவின் பெயரில்தான் வந்தது. ஆண்டு 1983. நாணயத்தின் பெயர் 'நோபிள்'.

ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் பிளாட்டினம். தூய்மை 99.95 சதவீதம். ஒரு பக்கம் ராணி இரண்டாம் எலிசபெத், மறுபக்கம் பாய் விரித்த வைக்கிங் கப்பல். இதன் மதிப்பு எத்தனை பவுண்டு என்று மட்டும் நாணயத்தில் எங்கேயும் பொறிக்கவில்லை.

அச்சடிக்கும்போது மறந்துபோன விஷயம் இல்லை இது. அன்றைய சந்தையில் உள்ளே இருக்கும் உலோகம் என்ன விலையோ, அதுதான் நாணயத்தின் மதிப்பு என்று தெரிந்தே வைத்த ஏற்பாடு. தென்னாப்பிரிக்கா 1967-ல் கொண்டுவந்த 'க்ரூகரண்ட்' தங்கக் காசும் இதே வழிதான்.

இன்றைக்கு ஆன்லைனில் 'கலெக்டர் காயின்' என்று தேடினால் குக் தீவுகள், நியுவே, துவாலு, டோக்கெலாவ் என்று கேள்விப்படாத பெயர்களாக வந்து விழும். வெள்ளி, தங்கம், பிளாட்டினம், எதில் வேண்டுமானாலும் கிடைக்கும். கூடவே 'லீகல் டெண்டர்', அதாவது சட்டப்பூர்வ நாணயம் என்ற முத்திரை. '500 மட்டுமே' என்ற அறிவிப்பு. பளபளக்கும் பெட்டி, சான்றிதழ். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, தங்கத்துக்குப் பதில் வேறு எதிலாவது போடலாமே என்று யோசிப்பவர்களின் கண்ணில் இது படாமல் போகாது. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

பெயர் தீவுடையது, காசு வேறு ஊருடையது

முதலில், இந்த நாணயங்கள் அந்தத் தீவுகளில் அடிக்கப்படுவதில்லை. நோபிளை அடித்தது இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருந்த பாப்ஜாய் மின்ட் என்ற தனியார் நாணயச்சாலை. நியுவே பெயரில் வரும் நாணயங்கள் நியூசிலாந்திலும் போலந்திலும் அடிக்கப்படுகின்றன. துவாலு பெயர் போட்டவை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வருகின்றன. குக் தீவுகளின் பெயரில் ஏராளமான நாணயங்களை வெளியிடும் ஒரு நிறுவனம் லிக்டன்ஸ்டைனில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்குள், நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த, கடலையே பார்க்காத குட்டி நாடு அது. பசிபிக் தீவின் காசு மலைநாட்டிலிருந்து புறப்படுகிறது.

ஏற்பாடு இதுதான். நாணயம் வெளியிடும் அதிகாரம் தீவின் அரசிடம் இருக்கிறது. அந்தப் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள நாணயச்சாலையோ விற்பனை நிறுவனமோ உரிமம் வாங்குகிறது. பதிலுக்குத் தீவுக்கு ஒரு தொகை போகிறது. உலோகத்தை வாங்குவது, வடிவமைப்பது, அடிப்பது, விளம்பரம் செய்வது, விற்பது எல்லாம் நிறுவனத்தின் வேலை. பெரும்பாலான நாணயங்கள் தீவின் கரையைத் தொடுவதே இல்லை. நாணயச்சாலையிலிருந்து நேராகச் சேகரிப்பாளரின் அலமாரிக்குப் போய்விடுகின்றன.

சரி, அந்தப் பெயர் எதற்கு? ஒரு தனியார் நிறுவனம் வட்டமான உலோகத் துண்டில் படம் பொறித்து விற்றால் அதற்குப் பெயர் பதக்கம். அதிலேயே ஒரு அரசின் பெயரும் '2 டாலர்' என்ற எழுத்தும் ஏறிவிட்டால் அது நாணயம். சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் இடம்பிடிக்கும். 'அரசு வெளியிட்டது' என்று சொல்லி விற்கலாம். உலோகம் அதேதான், எடையும் அதேதான். ஆனால் வாங்குபவரின் மனசு வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். தீவு வாடகைக்கு விடுவது அந்த மரியாதையைத்தான்.

2011-ல் நியுவே பெயரில் 'ஸ்டார் வார்ஸ்' நாணயங்கள் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் டார்த் வேடர். நியுவேயில் சுமார் 1,700 பேர்தான் வசிக்கிறார்கள். அன்றாடம் அவர்கள் கையில் புரள்வது நியூசிலாந்து டாலர். அதற்கு வெகுமுன்பே, 1987-ல், டென்னிஸ் வீரர்கள் போரிஸ் பெக்கர், ஸ்டெஃபி கிராஃப் படங்களோடும் நியுவே காசுகள் வந்தன. இருவருமே ஜெர்மனிக்காரர்கள். நியுவேக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. துவாலுவின் பெயரில் ஸ்பைடர்மேனும் ஹோமர் சிம்ப்சனும் வந்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். துவாலுவில் இருப்பது 11,000 பேர் அளவில். பிட்கெய்ர்ன் தீவில் 50 பேர்கூட இல்லை. தொழிற்சாலை இல்லை, ஏற்றுமதி செய்யப் பெரிதாக எதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களுக்கு 'நாங்கள் ஒரு நாடு' அல்லது 'எங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு' என்ற நிலையே சொத்து. பிட்கெய்ர்ன் 1940 முதல் தபால்தலை விற்றுச் சம்பாதித்தது. துவாலு தன் இணைய முகவரியான 'டாட் டிவி'யை உலகத்துக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறது. நாணயமும் அந்த வரிசையில் வருவதுதான். தீவைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கேள்வி கேட்க வேண்டியது விற்கும் விதத்தைப் பற்றி.

முகமதிப்பு என்னும் மாயம்

நாணயத்தில் பொறித்திருக்கும் எண்ணை முகமதிப்பு என்கிறோம். நம் பாக்கெட்டில் இருக்கும் 10 ரூபாய்க் காசு 10 ரூபாய்க்குச் செல்லும். கலெக்டர் நாணயங்களில் இந்த எண்ணுக்கு அர்த்தமே வேறு.

நோபிளுக்கு 5 ஆண்டுகள் கழித்து, 1988-ல், பிளாட்டின வியாபாரத்தில் பெரிய நாடுகள் இறங்கின. ஆஸ்திரேலியா 'கோலா' படத்துடன் ஒரு அவுன்ஸ் நாணயத்தைக் கொண்டுவந்தது. முகமதிப்பு 100 டாலர். கனடா 'மேப்பிள் இலை'யைக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு அவுன்ஸ்தான், ஆனால் முகமதிப்பு 50 டாலர். 1997-ல் அமெரிக்காவின் 'ஈகிள்' வந்தது, 100 டாலர். எடை ஒன்று, உலோகம் ஒன்று, எண் மட்டும் ஆளாளுக்கு ஒன்று. உள்ளே இருக்கும் பிளாட்டினத்தின் விலையோ இந்த எண்களைவிடப் பல மடங்கு அதிகம். அதைக் கொண்டுபோய் 100 டாலருக்குச் செலவு செய்ய யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆக, அந்த எண் ஒரு சடங்கு. நாணயம் என்று சொல்லிக்கொள்ள ஒரு எண் வேண்டும், போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சடங்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1996-ல் நிறைவேறிய ஒரு சட்டப் பிரிவு, பிளாட்டின நாணயத்தை எந்த முகமதிப்பில் வேண்டுமானாலும் அடிக்க நிதித்துறைச் செயலருக்கு அனுமதி தருகிறது. நோக்கம் சேகரிப்பாளர்களுக்கான நாணயம்தான். ஆனால் அரசின் கடன் உச்சவரம்பு பற்றி 2011-லும் 2013-லும் சண்டை வந்தபோது, 'ஒரு லட்சம் கோடி டாலர் என்று எழுதி ஒரே ஒரு பிளாட்டினக் காசை அடித்து மத்திய வங்கியில் போட்டுவிட்டால் என்ன?' என்று சிலர் சீரியஸாகவே கேட்டார்கள். 2013 ஜனவரியில் நிதித்துறை அதை மறுத்துவிட்டது. ஒரு அவுன்ஸ் உலோகத்தின் மேல் என்ன எண்ணை எழுதினாலும் சட்டப்படி அது காசுதான் என்பது மட்டும் அந்த விவாதத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

எண்ணையும் உலோகத்தையும் நிஜமாகவே கட்டிப்போட முயன்ற ஒரு நாடும் உண்டு. யூரல் மலைகளில் ஏராளமாகப் பிளாட்டினம் கிடைத்ததும், ரஷ்யப் பேரரசு 1828-ல் 3 ரூபிள் பிளாட்டினக் காசை வெளியிட்டது. பின்னாலேயே 6 ரூபிள், 12 ரூபிள் காசுகள். நிதியமைச்சர் கான்க்ரினின் திட்டம் அது. மக்கள் கையில் புழங்கவே அடித்தார்கள். உலோகத்தின் சந்தை விலையோ ஒரு இடத்தில் நிற்கவில்லை. விலை முகமதிப்புக்குக் கீழே போனால், வெளிநாட்டில் இதே உலோகத்தில் அடித்துக் கொண்டுவந்து லாபம் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் வந்தது. 1845-ல் திட்டத்தையே மூட்டை கட்டினார்கள்.

அந்த வகையில், முகமதிப்பே போடாத நோபிள் நேர்மையான நாணயம் என்றுதான் சொல்ல வேண்டும். பெயரில்கூட ஒரு சின்னக் குறும்பு இருக்கிறது. 1344-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் வெளியிட்ட தங்கக் காசின் பெயர் நோபிள். அதிலும் கப்பல்தான், அதன் மேல் மன்னர் நிற்பார். துருப்பிடிக்காத, எளிதில் எதனுடனும் வினைபுரியாத உலோகங்களையும் வேதியியலில் 'நோபிள்' வகை என்பார்கள். பிளாட்டினம் அதில் ஒன்று.

'லீகல் டெண்டர்' என்றால் கடையில் வாங்குவார்களா?

மாட்டார்கள். இதைப் பிரிட்டன் மக்கள் கொஞ்சம் கசப்போடு கற்றுக்கொண்டார்கள். அந்நாட்டு அரசின் ராயல் மின்ட்டே 2013 முதல் 20 பவுண்டு, 100 பவுண்டு, 50 பவுண்டு என்று வெள்ளிக் காசுகளை வெளியிட்டது. 20 பவுண்டு காசு 20 பவுண்டுக்கே விற்கப்பட்டது. நஷ்டமே இல்லை, எப்போது வேண்டுமானாலும் வங்கியில் கட்டிவிடலாம் என்று நினைத்துப் பலர் வாங்கினார்கள். வங்கிகள் எடுக்க மறுத்தன. 'லீகல் டெண்டர்' என்பது கடன் தீர்ப்பது தொடர்பான குறுகலான சட்டச் சொல். எந்தக் கடையும் வங்கியும் அந்தக் காசை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அது தருவதில்லை. உள்ளே இருந்த வெள்ளியின் விலையோ முகமதிப்பைவிட ரொம்பவே குறைவு.

ராயல் மின்ட் காசுக்கே லண்டனில் இந்தக் கதி. பசிபிக் கடலில் இருக்கும் ஒரு தீவின் '2 டாலர்' சென்னையிலோ கோவையிலோ என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்தில் 'சட்டப்பூர்வ நாணயம்' என்ற வார்த்தை எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ, அவ்வளவு உஷாராக இருப்பது நல்லது.

பிளாட்டினத்தில் கூடுதல் சிக்கல்

வெள்ளிக் காசில் ஏமாந்தால் கொஞ்சம் பணம் போகும். பிளாட்டினம் அந்தக் கடையின் மேல் தட்டு. ஒரே வடிவத்தை வெள்ளியில் ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள், தங்கத்தில் நூற்றுக்கணக்கில், பிளாட்டினத்தில் இன்னும் குறைவாக. விலை எகிறுவது அங்கேதான்.

பிளாட்டினம் அடிப்பதற்கும் கஷ்டமான உலோகம். உருகுநிலை 1,768 டிகிரி செல்சியஸ், தங்கத்துக்கு 1,064-தான். அடர்த்தியும் தங்கத்தைவிட அதிகம். அதனால் ஒரே எடைக்குப் பிளாட்டினக் காசு சிறிதாக இருக்கும். இந்தச் செலவு, உரிமத் தொகை, பெட்டி, விளம்பரம், வியாபாரியின் லாபம் எல்லாம் உலோக விலையின் மேல் ஏறும். நகைக்கடை மொழியில் சொன்னால் செய்கூலி, சேதாரம். நாணய வியாபாரத்தில் அதற்குப் பெயர் பிரீமியம்.

அதற்கு மேல் வரி. பிரிட்டனில் முதலீட்டுத் தங்கத்துக்கு 'வாட்' வரி இல்லை. பிளாட்டினத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, 20 சதவீதம் கட்ட வேண்டும். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். உலோகத்தின் விலை 100. பிரீமியத்தோடு 130. வரியோடு 156. மறுநாளே விற்கப் போனால், வியாபாரி உலோக விலையில் கொஞ்சம் கழித்து 95 தருவதாக வைத்துக்கொண்டால், கையில் இருந்து போனது 61. போட்ட பணம் திரும்பவே பிளாட்டினம் 64 சதவீதம் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் லாபம் என்ற பேச்சே. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவருக்குக் கூரியர், காப்பீடு, சுங்கம் எல்லாம் இன்னொரு சுமை.

பிளாட்டினம் அப்படி ஏறவே ஏறாது என்றும் சொல்ல முடியாது. 2008 மார்ச்சில் அவுன்ஸ் 2,200 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு முடிவதற்குள் 1,000 டாலருக்குக் கீழே விழுந்தது. காரணம், இது நகைக்கு மட்டுமான உலோகம் இல்லை. இதன் தேவையில் பெரும் பங்கு வாகனங்களின் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிக்குப் போகிறது, முக்கியமாக டீசல் வண்டிகளுக்கு. கார் விற்பனை படுத்தால் பிளாட்டினமும் படுக்கும். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி வெளியானபோதும் அடி விழுந்தது. இன்னொரு பக்கம், உலகில் வெட்டியெடுக்கப்படும் பிளாட்டினத்தில் சுமார் 70 சதவீதம் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சுரங்கத்தில் வேலைநிறுத்தமோ மின்வெட்டோ வந்தால் விலை ஆடும்.

'தங்கத்தைவிடப் பிளாட்டினம் அரிது, அதனால் விலை ஏறியே தீரும்' என்பது இன்னொரு பிரபல வாதம். அரிது என்பது உண்மை. ஆண்டுக்குச் சுரங்கங்களிலிருந்து வரும் பிளாட்டினம் 200 டன்னுக்கும் குறைவு, தங்கம் 3,000 டன்னுக்கும் மேல். ஆனால் 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரைக் கடந்தபோது, அந்த ஆண்டு நன்றாகவே ஏறியிருந்த பிளாட்டினம் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அரிதாக இருப்பது ஒன்று, அதை வாங்க ஆள் இருப்பது வேறொன்று.

'500 மட்டுமே' என்ற வரிக்கும் இதே பதில்தான். 500 பேர் வாங்கியதும் தீர்ந்துவிட்டது என்றால், 501-வது ஆள் வாசலில் காத்திருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. அந்த 500 பேரிலேயே பாதிப் பேர் ஐந்து ஆண்டுகள் கழித்து விற்க வந்தால் வாங்குவது யார்? அமெரிக்க ஈகிளுக்கும் கனடா மேப்பிளுக்கும் எந்த ஊர் உலோக வியாபாரியும் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்வார். சினிமாப் படம் போட்ட ஒரு தீவுக் காசைக் காட்டினால், முதலில் தராசைத்தான் எடுப்பார். ஆசைப்பட்டு வாங்குபவருக்கு இது பிரச்சினையே இல்லை. பிடித்த படம், அழகான வேலைப்பாடு, அலமாரியில் வைத்துப் பார்க்கும் சந்தோஷம், எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு, கொடுத்துவிட்டுப் போகலாம். அதையே முதலீடு என்று சொல்லிக்கொண்டு வாங்கும்போதுதான் கையைக் கடிக்கிறது.

தீவுக்கு எவ்வளவு?

இந்த வியாபாரத்தில் பேசப்படாத ஆள் தீவுதான். நாணயத்துடன் வரும் சான்றிதழில் உலோகம், எடை, தூய்மை, விட்டம், எத்தனை அடித்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். இந்த ஒரு காசுக்காகத் தீவின் கஜானாவுக்கு எவ்வளவு போகிறது என்பது இருக்காது. 'இந்தத் தீவின் அதிகாரப்பூர்வ நாணயம்' என்று சொல்லி விற்கும்போது, அந்தத் தொகையையும் ஒரு வரியில் போடுவதில் என்ன தயக்கம்? போட்டால் வாங்குபவருக்கும் ஒரு தெளிவு கிடைக்கும். கூடுதலாகக் கொடுத்த பணத்தில் எவ்வளவு ஒரு குட்டித் தீவின் பள்ளிக்கும் படகுத்துறைக்கும் போகிறது, எவ்வளவு பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது என்று தெரியும். தீவில் இருப்பவர்களுக்கும் தங்கள் பெயர் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியும். வெளியில் தெரியாத விலையில் பேரம் பேசும்போது, 1,700 பேர் இருக்கும் தீவின் கை ஓங்கியிருக்க வாய்ப்பில்லை.

ஐல் ஆஃப் மேன் இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறு. அதற்கு ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லிக்கொள்ளும் நாடாளுமன்றம் இருக்கிறது, நிதித் துறையில் நல்ல வருமானமும் இருக்கிறது. தீவின் சொந்தப் பவுண்டு கடைகளில் நிஜமாகவே புழங்குகிறது. பிரிட்டன் 1983-ல்தான் ஒரு பவுண்டு நாணயத்துக்கு மாறியது, இந்தத் தீவு 1978-லேயே அதை வெளியிட்டுவிட்டது. அப்படிப்பட்ட தீவுக்கும் நோபிளை நிரந்தரமாக நடத்த முடியவில்லை. 1983-ல் தொடங்கிய வரிசை, பெரிய நாடுகளின் பிளாட்டினக் காசுகள் வந்த மறு ஆண்டான 1989-உடன் நின்றது. 2017-ல் தீவின் நாணய வேலை டவர் மின்ட் என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போனது. நோபிளை அடித்த பாப்ஜாய் 2023-ல் கடையை மூடுவதாக அறிவித்தது.

நாணயச்சாலை போனாலும் நோபிளில் இருக்கும் பிளாட்டினம் போகவில்லை. இன்று ஒருவர் கையில் இருக்கும் 1983 நோபிளுக்கு, அன்றைய அவுன்ஸ் விலையைப் பார்த்தால் போதும், குறைந்தபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்று தெரிந்துவிடும். புதிதாக ஒரு தீவுக் காசு வாங்க நினைப்பவரும் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிவிடலாம். இதில் இருக்கும் உலோகத்துக்கு இன்றைய விலை என்ன? இதையே நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள்? முதல் எண்ணை எந்தக் கடையும் உடனே சொல்லிவிடும். இரண்டாவது எண்ணை வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்க வேண்டும்.